பாட்டு ஓடும்போது அழைப்பு வந்தால்: எட்ஜ், ஈவி-டிஓ, 3ஜி மூன்றில் எது?

2009ஆம் ஆண்டின் கடைசி மாதங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் இரண்டு கைபேசி நிறுவனங்கள் வரைபடத்தை வைத்துச் சண்டையிட்டன. வெரைசன் தன் 3ஜி பரப்பைச் சிவப்பால் நிரப்பிக் காட்டி, ஏடி அண்டு டியின் 3ஜியை அங்கங்கே தெறித்த நீலத் திட்டுகளாகக் காட்டியது. ஏடி அண்டு டி நவம்பரில் நீதிமன்றத்துக்குப் போனது, டிசம்பரில் வழக்கைத் திரும்பப் பெற்றது. இதற்கிடையில் பதில் விளம்பரமும் வந்துவிட்டது: எங்கள் 3ஜியில் பேசிக்கொண்டே இணையத்திலும் இருக்கலாம், அவர்களுடையதில் முடியாது.

இரண்டு விளம்பரங்களும் சொன்னது உண்மை. ஆனால் காரில் வேலைக்குப் போகும்போது கைபேசியில் இணைய வானொலி கேட்கும் ஒருவருக்கு இரண்டும் போதாது. அவர் முதலில் கேட்க வேண்டியது வேறு: பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது அழைத்தால், என் கைபேசியில் மணி அடிக்குமா?

இது சின்னக் கேள்வி போலத் தெரியும். அன்றைக்கு இணைய வானொலி கேட்டவர்களில் பலர் அழைப்பைத் தவறவிட முடியாதவர்கள். கூப்பிட்டால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய செவிலியர்கள், நள்ளிரவில் சர்வர் நின்றால் எழுந்து உட்கார வேண்டிய பொறியாளர்கள், வயதான பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் எனப் பலர். கோடையில் நியூஜெர்சியில் காலை எட்டு மணி என்றால் சென்னையில் மாலை ஐந்தரை. ஊரில் வீட்டு வேலை முடிந்து அம்மா தொலைபேசியை எடுக்கும் நேரமும், மகன் நெடுஞ்சாலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டும் நேரமும் ஒன்றேதான். அந்த அழைப்பு சத்தமில்லாமல் குரலஞ்சலுக்குப் போய்விட்டால் பாட்டு எவ்வளவு தெளிவாக ஓடியிருந்தாலும் பயனில்லை.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். எந்த வலையமைப்பாக இருந்தாலும், அழைப்பை எடுத்த கணத்தில் கைபேசி தானே பாட்டை நிறுத்திவிடும். யாரும் ஒரு காதில் பேச்சும் மறு காதில் பாட்டும் கேட்பதில்லை. ஆகவே ‘ஒரே நேரத்தில் இரண்டும்’ என்ற பெருமை, பேசிக்கொண்டே வரைபடம் பார்ப்பவருக்கும் மின்னஞ்சல் தேடுபவருக்கும் பெரிய வசதி. பாட்டுக் கேட்பவருக்கு அதில் கிடைப்பது குறைவு. அவருக்கு வேண்டியவை இரண்டே: அழைப்பு வர வேண்டும், பேசி முடித்ததும் பாட்டு திரும்ப வேண்டும். இந்த இரண்டை வைத்துத்தான் கீழே மூன்றையும் எடைபோடுகிறேன்: எட்ஜ் (ஏடி அண்டு டி போன்ற ஜிஎஸ்எம் குடும்பத்து நிறுவனங்களின் பழைய 2ஜி தரவு முறை), ஈவி-டிஓ (வெரைசன், ஸ்பிரிண்ட் ஆகியவற்றின் 3ஜி), ஏடி அண்டு டி வகை 3ஜி (கீழே வெறும் ‘3ஜி’ என்று தலைப்பில் சொல்வது இதைத்தான்).

எட்ஜ்: மணியே அடிக்காத சிக்கல்

2007 ஜூன் 29 அன்று விற்பனைக்கு வந்த முதல் ஐபோன் எட்ஜ் வலையமைப்பில் இயங்கியது. ஏட்டளவில் நான்கு நேரத்துண்டுகளை (ஓர் அலைவரிசையைப் பலர் முறைவைத்துப் பங்கிடும் சிறு நேரப் பகுதிகளை) சேர்த்தால் விநாடிக்கு 236.8 கிலோபிட் வரை எட்டலாம். நடைமுறையில் எதிர்பார்க்கத்தக்கது 75 முதல் 135 கிலோபிட் என்று ஏடி அண்டு டியே சொன்னது. 64 கிலோபிட் ஒலியோடைக்கு அது போதும். அன்று பரவிவந்த புதிய ஏஏசி ஒலிச் சுருக்க முறைகள் 64 கிலோபிட்டில் காது நோகாத இசையைத் தந்தன. வேகத்தை மட்டும் பார்த்தால் எட்ஜ் தேர்வு பெற்றுவிடும்.

கோளாறு வேகத்தில் இல்லை. ஜிஎஸ்எம் கைபேசி சும்மா இருக்கும்போது, தனக்கு அழைப்பு இருக்கிறதா என்று ஒரு பொது அறிவிப்பு வழியைக் கவனித்துக்கொண்டே இருக்கும். தரவு இறக்கத் தொடங்கியதும் அது அந்த வழியை விட்டுத் தரவுக்கான வழிக்கு மாறுகிறது. அன்றைய கைபேசிகளில் பெரும்பாலானவை ‘பி’ வகுப்பைச் சேர்ந்தவை: குரலும் தரவும் இரண்டும் தெரியும், ஆனால் ஒரு நேரத்தில் ஒன்றுதான். குரல் பக்கத்து இணைப்பகம் பொது வழியில் கூப்பிடுகிறது, கைபேசியோ தரவு வழியில் பாட்டு வாங்கிக்கொண்டிருக்கிறது. சில முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு இணைப்பகம் அழைப்பைக் குரலஞ்சலுக்கு அனுப்பிவிடுகிறது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. குரல் இணைப்பகத்துக்கும் தரவு இணைப்பகத்துக்கும் இடையே ஒரு தொடர்பை ஏற்படுத்தினால், அழைப்புச் செய்தி தரவு வழியாகவே கைபேசியை வந்தடையும். தரநிலையில் அதற்கு இடம் இருந்தது. குரலையும் தரவையும் ஜிஎஸ்எம்மிலேயே சேர்த்து நடத்தும் இரட்டைப் பரிமாற்ற முறை ஒன்றும் தரநிலையில் எழுதப்பட்டு, சில நோக்கியா கைபேசிகளில் வந்தது. ஆனால் இவற்றைச் செய்வதா வேண்டாமா என்பது நிறுவனத்தின் கையில் இருந்தது. வாடிக்கையாளர் கடையில் நின்று விசாரித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய செய்தி அல்ல அது.

ஆப்பிளின் பயனர் கையேடு இதை மறைக்கவில்லை. எட்ஜ் அல்லது அதற்கு முந்தைய ஜிபிஆர்எஸ் இணைப்பில் தரவு போய்க்கொண்டிருக்கும்போது வரும் அழைப்புகள் நேரே குரலஞ்சலுக்குப் போகலாம் என்று அதில் அச்சிட்டிருந்தது. கையேட்டைப் படித்துவிட்டுக் கைபேசி வாங்குகிறவர்கள் எத்தனை பேர்? இதில் எனக்கு மிகவும் உறுத்துவது, தவறிய அழைப்புகளின் பட்டியலில்கூட அந்த அழைப்பு இருக்காது என்பதுதான். அழைப்பு வந்ததே கைபேசிக்குத் தெரியாது. அழைத்தவர் குரல் பதிவு செய்தால் ஓர் அறிவிப்பு வரும். பதிவு செய்யாமல் வைத்துவிட்டால் எந்தத் தடயமும் இல்லை. ஊரிலிருந்து அழைக்கும் பெற்றோர் அயல்நாட்டு ஆங்கிலக் குரலைக் கேட்டதும் தொலைபேசியை வைத்துவிடுவார்கள், குரல் பதிவு செய்ய மாட்டார்கள்.

எட்ஜில் இன்னும் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று, கோபுரத்தில் குரல் அழைப்புகள் பெருகினால் தரவுக்குக் கொடுத்த நேரத்துண்டுகளை அவை எடுத்துக்கொள்ளும். அதாவது அக்கம்பக்கத்துக் கார்களில் எல்லோரும் பேசத் தொடங்கினால் உங்கள் பாட்டு திக்கும். போக்குவரத்து நெரிசலில் நின்று பாட்டு தேவைப்படும் நேரமும் அதுவே. இரண்டாவது, அந்த ‘டிட்-டிட்-டிட்’ இரைச்சல். ஜிஎஸ்எம் கைபேசி தன் முறை வரும்போது மட்டும், விநாடிக்கு ஏறத்தாழ 217 தடவை, துடிப்பாக அலையை வெளியிடுகிறது. அந்தத் துடிப்பு ஒலிப்பெருக்கியின் கம்பியில் புகுந்து காதுக்குக் கேட்கும் உறுமலாகிறது. கைபேசியைக் கம்பியால் கார் ஒலிப்பெருக்கியுடன் இணைத்துப் பாட்டுக் கேட்டவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வெரைசன் பயன்படுத்திய சிடிஎம்ஏ முறையும் ஏடி அண்டு டியின் 3ஜியும் தொடர்ந்து அலை வெளியிடுவதால் இந்தத் துன்பம் அவற்றில் அநேகமாக இல்லை.

ஈவி-டிஓ: குறைவாக மதிக்கப்பட்டது

வெரைசனும் ஸ்பிரிண்டும் சிடிஎம்ஏ குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் 3ஜியான ஈவி-டிஓ தரவுக்கென்றே வடிக்கப்பட்ட தனி அலைவரிசை. குரல் பழைய 1எக்ஸ் அலைவரிசையில் இருந்தது. அன்றைய கைபேசிகளில் அலையை வாங்கி அனுப்பும் வானொலிப் பகுதி ஒன்றே இருந்ததால் இரண்டிலும் ஒருசேர இருக்க முடியாது. ‘அவர்களுடையதில் முடியாது’ என்று ஏடி அண்டு டி சொன்னது இதைத்தான்.

ஆனால் ஈவி-டிஓவில் இருக்கும் கைபேசி, சில விநாடிகளுக்கு ஒருமுறை (5.12 விநாடி என்பது பரவலாக இருந்த அமைப்பு) ஒரு நொடியின் சிறு பகுதிக்கு 1எக்ஸ் பக்கம் தாவி, அழைப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பும். அந்த இடைவெளியில் நின்ற தரவை, ஏற்கெனவே சேர்த்து வைத்திருக்கும் சில விநாடி ஒலி ஈடுகட்டிவிடும். கேட்பவருக்கு எதுவும் தெரியாது. அழைப்பு வந்தால் மணி அடிக்கும். எடுத்தால் தரவு நிற்கும், பேசி வைத்தால் மறுபடி ஓடும்.

மேலே சொன்ன இரண்டு தேவைகளையும் இது நிறைவேற்றுகிறது. விளம்பரம் குறை என்று சொன்னது பாட்டுக் கேட்பவரைத் தொடவே இல்லை. ரெவிஷன் ஏ எனப்பட்ட பதிப்பில் உச்ச வேகம் 3.1 மெகாபிட். வெரைசன் வாடிக்கையாளரை எதிர்பார்க்கச் சொன்னது 600 கிலோபிட் முதல் 1.4 மெகாபிட் வரை. 64 கிலோபிட் ஓடைக்கு இது தாராளம்.

ஈவி-டிஓ இல்லாத இடத்தில் கைபேசி 1எக்ஸ் தரவுக்கு இறங்கும். அங்கே நிலைமை எட்ஜ் போலத்தான்: தரவு போய்க்கொண்டிருந்தால் அழைப்பு குரலஞ்சலுக்குப் போகலாம். ஆப்பிள் கையேடு இதையும் எழுதியிருந்தது. ஆனால் 2009 அளவில் ஈவி-டிஓ பரப்பு மிகப் பெரியது. சிவப்பு வரைபடத்துக்குப் பொருள் இருந்தது இங்கேதான், அந்த விளம்பரமே இப்படி விளக்கவில்லை என்றாலும். பரப்பு பெரிது என்றால் பாட்டு வேகமாக வரும் என்று மட்டும் பொருள் அல்ல, அழைப்பு தொலையும் இடங்கள் குறைவு என்றும் பொருள்.

3ஜி: இருக்கும் இடத்தில் சிறப்பு

2008 ஜூலை 11 அன்று ஐபோன் 3ஜி வந்தது. அதற்கு முந்தின நாள் ஆப் ஸ்டோர் திறந்தது. பண்டோரா இணைய வானொலி முதல் நாளிலேயே அங்கே இருந்தது. பலர் கைபேசியில் ஸ்ட்ரீமிங் கேட்கத் தொடங்கியது அப்போதுதான்.

ஏடி அண்டு டி பயன்படுத்திய யுஎம்டிஎஸ் முறையில் குரலும் தரவும் ஒரே 5 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், வெவ்வேறு குறியீடுகளில் போகின்றன. கைபேசியின் அலை இணைப்பைக் கவனிக்கும் கட்டுப்பாட்டு நிலையம் ஒன்றே. நீங்கள் தரவு இணைப்பில் இருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியும். அழைப்பு வந்தால் அந்த இணைப்பின் வழியாகவே சேதி சொல்லிவிடும், தேடிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. மணி கட்டாயம் அடிக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதும் தரவு நிற்காது. தொழில்நுட்பமாக மூன்றில் இதுவே முழுமையானது என்பதில் எனக்கு ஐயமில்லை.

ஆனால் 3ஜி இருக்கும் வரைதான். நகர எல்லை தாண்டிய பிறகு திரையின் மேல்விளிம்பில் ‘3ஜி’ போய் ஆங்கில ‘ஈ’ எழுத்து வந்துவிட்டால், மேலே எட்ஜ் பற்றிச் சொன்ன அத்தனையும் உங்களுக்குப் பொருந்தும். பாட்டு நிற்காமல் ஓடும், ஆகவே எதுவும் மாறியதாக உங்களுக்குத் தோன்றாது, அழைப்பு மட்டும் வராது. 3ஜியே இல்லாத இடத்தைவிட 3ஜி விட்டுவிட்டு வரும் பாதையை நான் அஞ்சுவது இதனால்தான். முழுக்க எட்ஜில் இருப்பவர் தன் கைபேசியின் குணத்தைப் பழகிவிடுவார். மாறி மாறிப் போகும் பாதையில் இருப்பவர் தன்னிடம் 3ஜி இருப்பதாக நம்பிக்கொண்டே அழைப்பை இழப்பார்.

நகரத்துக்குள்ளும் எல்லாம் நேராக இல்லை. மன்ஹாட்டனிலும் சான்பிரான்சிஸ்கோவிலும் தங்கள் வலையமைப்பு எதிர்பார்த்த தரத்தில் இல்லை என்று ஏடி அண்டு டியின் உயர் அதிகாரி ரால்ஃப் டி லா வேகா 2009 டிசம்பரில் பொதுமேடையில் ஒப்புக்கொண்டார். ஸ்மார்ட்போன் வைத்திருப்பவர்களில் 3 விழுக்காட்டினர் தரவில் 40 விழுக்காட்டைப் பயன்படுத்துவதாகச் சொன்ன அவர், காரணங்களாகச் சுட்டியவற்றில் காணொளியோடு நாள் முழுக்க ஓடும் ஒலியும் இருந்தது. நெரிசலான கோபுரத்தில் முதலில் அடிபடுவது அதே ஒலிதான்.

மின்கலமும் ஒரு காரணம். ஐபோன் 3ஜியில் 3ஜி வழியாக 5 மணி நேர இணையம் என்று ஆப்பிள் சொன்னது. சேமித்த பாட்டை மட்டும் கேட்டால் 24 மணி நேரம். மின்கலத்தைக் காப்பாற்ற அமைப்புக்குள் போய் 3ஜியை அணைத்து வைத்தவர்கள் ஏராளம். நண்பர்கள் சொல்லிக் கொடுத்த யோசனை அது. அணைத்தவுடன் கைபேசி எட்ஜுக்கு வந்துவிடுகிறது. மின்கலம் கூடுதல் நேரம் நிற்கும், பாட்டும் ஓடும், அழைப்பு மட்டும் போய்விடும். இந்த யோசனையைச் சொன்னவர்கள் அழைப்பைப் பற்றியும் சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு அமெரிக்கக் கைபேசி நிறுவனமான டி-மொபைலைப் பற்றிச் சுருக்கமாக. அதன் 3ஜி 2008இல்தான் நியூயார்க்கில் தொடங்கியது. அன்றைய ஐபோன்களில் இல்லாத 1700 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையை அது எடுத்துக்கொண்டதால், பூட்டு திறந்த ஐபோனை அங்கே கொண்டுபோனவர்களுக்கு எட்ஜ் மட்டுமே கிடைத்தது. அந்த வலையமைப்புக்கென்றே செய்த கைபேசி, அதாவது 2008 அக்டோபரில் வந்த ஜி1 போன்றது இருந்தால்தான் 3ஜி.

நேரலையா, தனிப்பாட்டா?

எந்த வலையமைப்பு என்பதற்குச் சமமான எடை இந்தக் கேள்விக்கும் உண்டு. கடைக்காரர் இதைக் கேட்க மாட்டார், வாங்குபவரும் யோசிப்பதில்லை.

நேரலை வானொலி ஓடை நிற்காமல் சொட்டிக்கொண்டே இருக்கும். நிலையம் ஒலிபரப்பும் வேகத்தில்தான் வரும், முன்கூட்டிப் பெற்றுக்கொள்ள வழியில்லை. நாலு நிமிடப் பாட்டைத் தனிக் கோப்பாக அனுப்பும் சேவை அப்படி அல்ல. 64 கிலோபிட்டில் அந்தப் பாட்டு சுமார் 1.9 மெகாபைட். ஈவி-டிஓவில் 600 கிலோபிட் கிடைத்தால் ஏறத்தாழ 26 விநாடியில் முழுப் பாட்டும் கைபேசிக்குள் வந்துவிடும். மீதி மூன்றரை நிமிடம் வானொலிப் பகுதி ஓய்வாக இருக்கலாம். அந்த ஓய்வில் அழைப்பு வந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. எடுத்துப் பேசிவிட்டு வந்தால், பாட்டின் மிச்சம் வலையமைப்பு இல்லாமலே தொடரும்.

எட்ஜில் 100 கிலோபிட் என்று வைத்துக்கொண்டால் அதே பாட்டு இறங்க இரண்டரை நிமிடம் ஆகும். நாலு நிமிடத்தில் இரண்டரை நிமிடம் அழைப்புக்குக் கதவு மூடியிருக்கும், ஒன்றரை நிமிடம் திறந்திருக்கும். நேரலை ஓடை என்றால் அந்தத் திறப்பும் சிறுசிறு துண்டுகளாகச் சிதறிவிடும். ஆகவே எட்ஜ் கைபேசியில் மாட்டிக்கொண்டவர் நேரலையை விட்டுத் தனிப்பாட்டுச் சேவைக்கு மாறினாலே கொஞ்சம் பிழைப்பார். சிக்கல் தீராது, குறையும்.

நேரலைக்கு வேறொரு இழப்பும் உண்டு. பேசி முடித்துத் திரும்பும்போது கிரிக்கெட் வர்ணனை இரண்டு விக்கெட் தாண்டிப் போயிருக்கும். அதை 3ஜியும் திருப்பித் தராது. பேசும்போது வந்த ஒலியைச் சேர்த்து வைக்கும் செயலி இருந்தால்தான் உண்டு, அன்றைய செயலிகளில் பெரும்பாலானவை மறுபடி இணைந்து அப்போதைய நேரத்திலிருந்தே தொடங்கின.

கைபேசியின் மென்பொருளையும் பார்க்க வேண்டும்

2010 ஜூனில் ஐஓஎஸ் 4 வரும்வரை ஐபோனில் வெளியார் செயலிகள் பின்னணியில் இயங்க முடியாது. அழைப்பை எடுத்தால் வானொலிச் செயலி மூடப்பட்டு, பேசி முடித்த பின் புதிதாகத் திறந்தது. வலையமைப்பு தரவை நிறுத்தாமல் வைத்திருந்தாலும் அதை வாங்க ஆள் இல்லை. ‘பேசிக்கொண்டே இணையம்’ என்ற விளம்பரம் ஓடிய 2009 இறுதியில், ஏடி அண்டு டி விற்றதிலேயே பெயர்பெற்ற கைபேசியில் பாட்டுக் கேட்டவருக்கு அந்த வசதியால் ஒன்றும் கிடைக்கவில்லை. அதே காலத்தில் ஆண்ட்ராய்டும் பிளாக்பெர்ரியும் பின்னணியில் பாட்டை விட்டன. 2009 நவம்பரில் வெரைசனில் வந்த மோட்டோரோலா டிராய்டு, ஈவி-டிஓவின் எல்லைக்குள்ளேயே, பேசி முடித்ததும் பாட்டை விட்ட இடத்தில் எடுக்கும் திறனோடு இருந்தது.

பணம்

64 கிலோபிட் என்றால் மணிக்கு 28.8 மெகாபைட். போக ஒரு மணி, வர ஒரு மணி, மாதம் இருபது வேலைநாள் என்றால் 1.15 ஜிகாபைட். 2010 ஜூனில் ஏடி அண்டு டி புதிய வாடிக்கையாளருக்கு வரம்பில்லாத் திட்டத்தை நிறுத்திவிட்டு, 200 மெகாபைட் 15 டாலர், 2 ஜிகாபைட் 25 டாலர் என்று வைத்தது. 15 டாலர் திட்டத்தில் ஏழு மணி நேரத்துக்குள் கை காலி. 25 டாலர் திட்டம் தாங்கும், ஆனால் 128 கிலோபிட்டுக்குத் தரத்தை உயர்த்தினால் 2.3 ஜிகாபைட் ஆகி அதுவும் தாண்டும். ஆகவே செயலியின் தரத்தை நடுவில் வைத்துக் கேட்பது நல்லது. காரின் இரைச்சலில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தெரிவது கடினம்.

பாட்டையும் அழைப்பையும் பிரித்துவிடும் வழிகள்

ஒரே கருவியில் இரண்டையும் ஓட்டித்தான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது? அழைப்பை உயிராக நினைப்பவர் அழைப்புக்கு ஒரு கருவியும் பாட்டுக்கு ஒரு கருவியும் வைத்துக்கொள்ளலாம். 2009 மே மாதம் வெரைசன் மைஃபை 2200 என்ற சட்டைப்பை அளவுக் கருவியை விற்கத் தொடங்கியது. ஈவி-டிஓவை உள்ளே வாங்கி, வைஃபையாக ஐந்து கருவிகளுக்குக் கொடுக்கும். காரில் அதை வைத்து, ஐபாட் டச்சில் வானொலி கேட்கலாம். கைபேசி தரவு பக்கமே போகாமல் மணிக்காகக் காத்திருக்கும், அது எட்ஜ் கைபேசியாக இருந்தாலும் கவலையில்லை. அப்போது மாதம் 60 டாலருக்கு 5 ஜிகாபைட், 40 டாலருக்கு 250 மெகாபைட். இரண்டாவது திட்டம் ஒன்பது மணி நேரம்கூடப் பாட்டுக்குத் தாங்காது. மின்கலம் நான்கு மணி நேரம். இது பாட்டுக்கு மட்டும் என்றால் பணம் வீண். மடிக்கணினிக்கும் வேண்டும், அலுவலகமே கட்டணம் கட்டும் என்றால் நான் இதைத்தான் எடுத்திருப்பேன்.

வீட்டிலும் அலுவலகத்திலும் வைஃபை இருந்தால் இந்தச் சிக்கல் அங்கே எழவே இல்லை. தரவு வைஃபையில் போக, குரல் வழி திறந்தே இருக்கிறது. எட்ஜ் ஐபோனுக்கும் வெரைசன் ஐபோனுக்கும் இது பொருந்தும்.

செயற்கைக்கோள் வானொலியும் உண்டு. சிரியஸும் எக்ஸ்எம்மும் 2008 ஜூலையில் ஒன்றாயின. அப்போது மாதம் 13 டாலர் அளவில் கோபுரமே இல்லாத நெடுஞ்சாலையிலும் கேட்டது. ஆனால் அங்கே அவர்கள் தருவதைத்தான் கேட்க முடியும். தமிழ்ப் பாட்டுக் கேட்பதற்காக இணைய வானொலிக்கு வந்தவருக்கு அது பதில் ஆகாது.

கடைசியாக, ஸ்ட்ரீமிங்கை விட்டுவிடுவது. 2005 ஜூனிலேயே ஐடியூன்ஸில் பாட்காஸ்ட் சேர்ந்துவிட்டது. இரவு கணினியில் இறக்கி, காலையில் கைபேசிக்கு மாற்றினால், காரில் தரவு சிறிதும் தேவையில்லை. பேச்சு நிகழ்ச்சி கேட்பவருக்கு, குறிப்பாக எட்ஜ் பகுதியில் இருப்பவருக்கு, இதைவிட நல்ல வழியை நான் காணவில்லை. அழைப்பு தவறாது, மின்கலம் நிற்கும், பணமும் மிச்சம். நேற்றைய நிகழ்ச்சியை இன்று கேட்கிறோம் என்பதுதான் விலை.

என் தீர்ப்பு

அன்றைய வலையமைப்புகளை வைத்துச் சொன்னால், வீட்டிலிருந்து அலுவலகம் வரை பாதை முழுவதும் 3ஜி உண்டு என்று உறுதியானால் யுஎம்டிஎஸ் கைபேசியே முதல் தேர்வு. பாதையில் ஓரிடத்திலாவது எட்ஜ் எட்டிப்பார்க்கிறது, ஈவி-டிஓவோ தொடர்ந்து இருக்கிறது என்றால், விளம்பரம் என்ன சொன்னாலும் வெரைசன் அல்லது ஸ்பிரிண்ட். 2011 பிப்ரவரியில் வெரைசன் ஐபோன் வந்தபோது பேசும்போது இணையம் நிற்கும் என்பதைப் பெரிய குறையாக எழுதினார்கள். பாட்டுக் கேட்டுக்கொண்டு அழைப்புக்குக் காத்திருப்பவர் அந்தக் குறையைக் கண்டு தயங்கியிருக்க வேண்டியதில்லை. எட்ஜ் மட்டும்தான் கிடைக்கும் என்றால், அழைப்பு முக்கியமான நாட்களில் நேரலை ஓடையைத் தொடவே வேண்டாம். சேமித்த ஒலியைக் கேளுங்கள்.

4ஜி வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. 2011 மார்ச்சில் வெரைசனில் வந்த எச்டிசி தண்டர்போல்ட், குரலுக்கும் தரவுக்கும் ஒரே நேரத்தில் இடம் கொடுத்தது. 2012இல் வந்த ஐபோன் 5 வெரைசனிலும் ஸ்பிரிண்டிலும் அதைக் கொடுக்கவில்லை. குரலே தரவாகப் போகும் வோல்ட்இ 2014 செப்டம்பரில் வெரைசனில் பரவலாக வந்த பிறகுதான் அங்கே இந்தக் கேள்வி அடங்கியது. இன்றும் இந்தியாவில் 4ஜி கைபேசியில் வோல்ட்இ அணைந்திருந்தால், அழைப்பு வரும்போது கைபேசி 2ஜிக்கு இறங்கித் தரவை நிறுத்திவிடும் வலையமைப்புகள் இருக்கின்றன. இணைய வானொலி கேட்பவர்கள் அமைப்புக்குள் போய் வோல்ட்இ இயங்குகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும், திருப்பிக் கொடுக்கும் அவகாசம் முடிவதற்குள் ஒரு சோதனை செய்து பார்த்துவிடுவது நல்லது. நேரலை வானொலியைப் போட்டுக்கொண்டு, நீங்கள் தினமும் போகும் அதே பாதையில், அதே நேரத்தில் போங்கள். வண்டியை வேறொருவர் ஓட்டட்டும். வீட்டில் இருப்பவரை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அழைக்கச் சொல்லி, அவர் அழைத்த நேரத்தை ஒரு தாளில் குறிக்கச் சொல்லுங்கள். நீங்கள் மணி அடித்த இடத்தைக் குறியுங்கள், திரையில் அப்போது எந்த எழுத்து இருந்தது என்பதையும் சேர்த்து. தவறிய அழைப்புகளின் பட்டியலை நம்ப வேண்டாம், தொலைந்த அழைப்பு அதில் ஏறியிருக்காது. இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்தால், பாதையின் எந்தப் பகுதியில் பாட்டை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.